ஏற்பவர் இல்லாத பூசை

மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



'பௌத்தம்: மதமா, தத்துவமா?' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இந்தக் கேள்வியை ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்டு நான் முதன்முதலில் கேட்டது செல்லூரில், ஒரு வீட்டுத் திண்ணையில். அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குப் பேச்சு வரும்.

2011 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அம்பேத்கரைப் படித்துப் படித்து, நாற்பது வயதுக்கு மேல் பௌத்தம் தழுவியவர். கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. படிவத்தை மடியில் விரித்துக்கொண்டு, "மதம் என்ன சார்?" என்றார்.

"பௌத்தம்மா."

பேனா நின்றது. "அது மதமா சார்? கொள்கைன்னுல்ல நாங்க பிள்ளைகளுக்குச் சொல்லித்தர்றோம்?"

அண்ணன் சிரித்தார். "உங்க கையேட்டுலயே பாருங்கம்மா."

அந்த அம்மா புரட்டினார். இந்து 1, முஸ்லிம் 2, கிறித்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. "அஞ்சு போட்டிருக்கு சார். அப்ப மதம்தான்" என்று எழுதிக்கொண்டார். காபித் தட்டோடு வந்த மதினி, "எனக்கும் அஞ்சுதானா?" என்று கேட்டார். "ஆளுக்கு ஆளு தனித்தனியாக் கேக்கணும்மா, நீங்க சொல்லுங்க" என்றார் ஆசிரியை. மதினி அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அஞ்சே போடும்மா. காபி ஆறுது."

அந்தக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 84 லட்சம் பேர் ஐந்தாம் எண்ணில் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் 11,000 பேர் சொச்சம். அதில் இரண்டு பேர் என் கண் முன்னால் சேர்ந்தவர்கள்.

அரசாங்கப் படிவத்துக்கு இருக்கும் தெளிவு நூலகத்துக்குக் கிடையாது. டூயி பகுப்பு முறையில் பௌத்தம் 294.3, அது சமய அலமாரி. பௌத்தத் தத்துவம் 181.043, அது மெய்யியல் அலமாரி. இரண்டுக்கும் நடுவில் கிரேக்க ஞானிகளும் விவிலியமும் திருச்சபை வரலாறும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புத்தரைத் தேடிப் போகிற மாணவன் பிளேட்டோவையும் ஏசுவையும் தாண்டி நடக்க வேண்டும். நம் சீர்காழி ரங்கநாதன் கொஞ்சம் கருணை காட்டியவர். அவருடைய கோலன் பகுப்பில் சமயத்துக்கு 'கியூ', மெய்யியலுக்கு 'ஆர்', அடுத்தடுத்த எழுத்துகள். பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டை ஒதுக்கி வைத்துப் புத்தரையும் சமணரையும் வைத சம்பந்தர் பிறந்த ஊரும் அதே சீர்காழிதான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

*

இனி மதுரைக்கு வருகிறேன். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் ஊரைச் சுற்றிக் காட்டும் பகுதியில் ஓர் இடம். பெண்கள் கணவரோடு வருகிறார்கள். பிள்ளைகளைக் கீழே விழாமல் அணைத்துப் பிடித்திருக்கிறார்கள். கையில் பூவும் நறும்புகையும். வந்து ஒரு பள்ளியில் நின்று கும்பிடுகிறார்கள். அது பௌத்தப் பள்ளி என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. அடுத்து அந்தணர் பள்ளி, அதற்கடுத்து சமணப் பள்ளி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்திரை வீதியில் பார்க்கிற காட்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடுப்பில் பிள்ளை, கையில் பூ. நால்வகை வாய்மையைப் பற்றியோ சார்பின் தோற்றம் பற்றியோ அந்தத் தாய்மாருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பௌத்தம் மதுரைக்குள் பூக்கூடையோடு புழங்கியிருக்கிறது.

அதே ஊரில் தானியம் விற்ற ஒருவர் வேறு வாசலைத் திறந்தார். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். மணிமேகலையின் காலம் பற்றி நம் அறிஞர்களுக்குள் உள்ள சண்டையில் நான் இறங்கவில்லை. அதன் இருபத்தேழாம் காதையை மட்டும் பாருங்கள். வஞ்சி நகரத்தில் மணிமேகலை தவசி வேடம் பூண்டு, பத்துப் பேரிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர். பத்தாவதாக ஒருவர்: பூதவாதி. கடவுள் இல்லை, மறுபிறவி இல்லை, உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை என்பவர். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறப் போட்டால் போதை எப்படித் தானாகப் பிறக்கிறதோ, அப்படித்தான் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறார். சாராயம் காய்ச்சுகிற பக்குவத்தை வைத்து ஆன்மாவைத் தள்ளுபடி செய்கிற மனிதர். மணிமேகலைக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்கிறாயே, உன் தாய் தகப்பன் இன்னார் என்று எதை வைத்து அறிந்தாய் என்று மடக்குகிறாள். கருதல் அளவை இல்லாமல் பெற்றோர்கூடக் கிடையாது என்பது அவள் வாதம்.

நான் கவனிக்கச் சொல்வது அந்தக் காதையின் பெயரை. 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை'. பூதவாதியும் சமயக்கணக்கர்தான். கடவுளே இல்லை என்பவருக்கும் சமயம் உண்டு. கூலவாணிகர் கணக்கில் அவருக்கும் ஒரு பேரேடு உண்டு. சிவனை வைத்துப் பேசுபவரும், அணுவை வைத்துப் பேசுபவரும், கள்ளை வைத்துப் பேசுபவரும் ஒரே தெருவில் கடை போட்டிருக்கிறார்கள். 'நீ மதமா, தத்துவமா?' என்று அந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேள்வி புரிந்திருக்காது.

ஏன் புரிந்திருக்காது என்பதற்கு அகராதி வேண்டாம், நம் இலக்கணப் புத்தகமே போதும். நன்னூல் பாயிரத்தில் 'எழுவகை மதம்' படித்திருப்பீர்கள். பிறர் சொன்னதற்கு உடன்படுவது ஒரு மதம், மறுப்பது ஒரு மதம். அங்கே மதம் என்றால் நூலாசிரியன் எடுக்கும் நிலை, கொள்கை. செல்லூர் ஆசிரியை 'கொள்கைதானே' என்று கேட்டாரே, பவணந்தி முனிவர் பக்கத்தில் இருந்திருந்தால், 'ஆமாம் அம்மா, அதைத்தான் மதம் என்கிறோம்' என்றிருப்பார். தத்துவம் என்ற சொல்லை எடுங்கள். சைவ சித்தாந்தம் படித்த நம் பெரியவர்களிடம் தத்துவம் எத்தனை என்று கேட்டால் 36 என்று பட்டென்று சொல்வார்கள். நிலம், நீரில் தொடங்கி மேலே போகும். எண்ணிக்கையில் அடங்குகிற பொருள் அது. ஆக 'மதம்' கொள்கையாக இருந்தது, 'தத்துவம்' பட்டியலாக இருந்தது. ஆங்கிலம் படித்த பிறகு நாம் இந்த இரண்டு சொல்லையும் காலி செய்து வேறு சரக்கை ஏற்றினோம். ஏற்றிவிட்டு, இதில் எந்த மூட்டையில் புத்தர் இருக்கிறார் என்று தேடுகிறோம்.

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கு வசதி. ஆனால் எதிர்ச்சாட்சி ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1958இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் அசோகனின் பாறைக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரே செய்தி, இரண்டு மொழி: மேலே கிரேக்கம், கீழே அரமேயம். தம்மம் என்ற சொல்லைக் கிரேக்கத்தில் எழுதியவர் 'யூசெபேயா' என்று போட்டார். தெய்வத்திடமும் பெரியவர்களிடமும் காட்டும் பயபக்தி என்று பொருள். அரமேயத்தில் எழுதியவர் 'உண்மை' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டார். ஒரே பாறையில், சில விரற்கடை இடைவெளியில், ஒருவருக்குத் தம்மம் பக்தி, இன்னொருவருக்கு உண்மை. 2,200 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தச் சொல் ஊர் எல்லையைத் தாண்டியதும் பிளந்துகொண்டது. கேள்வியை வெள்ளைக்காரன் தலையில் முழுதாகக் கட்டிவிட முடியாது.

அதே சொல் மதுரைப் பாறையிலும் இருக்கிறது. மேலூர் போகும் வழியில் மீனாட்சிபுரம் என்கிற மாங்குளம் மலை. 1882இல் ராபர்ட் சிவெல் கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டுகள். பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கணி நந்தன் என்ற துறவிக்குக் குகைப் பள்ளி வெட்டிக் கொடுத்த செய்தியில் 'தம்மம்' வருகிறது. அந்தத் துறவி சமணர் என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் பல முறை ஏறியிருக்கிறேன். படுக்கைக்குத் தலையணை மாதிரி மேடு விட்டுக் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் பாறை விளிம்பில் காடி வெட்டியிருக்கிறார்கள். ஒரு மாணவன் அந்தப் படுக்கையில் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்மம்னா இதானா சார்?" என்றான். இங்கே தம்மம் என்பது கொடை. மழையில் நனையாமல் ஒருவன் படுக்க இடம். காந்தகாரில் பக்தியாகவும் உண்மையாகவும் பிரிந்த சொல் மாங்குளத்தில் கூரையாக நிற்கிறது.

*

நம் காலத்துக் கேள்விக்கு ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் 1898 என்பேன். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. செய்த இருவரும் ஒருவரை ஒருவர் நினைத்துச் செய்யவில்லை.

கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். ஏட்டைக் கையில் எடுத்தபோது அது எந்தச் சமயத்து நூல் என்பதே அவருக்குத் தெளிவாகவில்லை. கல்லூரியில் உடன் இருந்த மளூர் ரங்காசாரியார்தான் அது பௌத்தம் என்று இனங்கண்டு, ஆங்கில நூல்களிலிருந்து எடுத்துச் சொல்லிச் சொல்லி விளங்க வைத்தார். தமிழ்க் காப்பியம் ஒன்றின் சமயத்தைத் தமிழாசிரியர் ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. பௌத்தம் அந்த அளவுக்குத் தமிழ்நாட்டின் நினைவிலிருந்து போய்விட்டிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த யுவான் சுவாங் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போதே, பழைய விகாரைகள் இடிந்து கிடக்கின்றன என்றும், அசோகனின் தம்பி மகேந்திரன் கட்டியது ஒன்று தலைநகருக்குக் கிழக்கே பாழாகிக் கிடக்கிறது என்றும் குறித்தார். இந்த ஊர்க்காரர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, வியாபாரத்தில்தான் கண் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டார். கூலவாணிகன் காப்பியம் எழுதிய ஊர் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது!

அதே 1898இல் அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ். அவருக்குப் பௌத்தம் படித்து விளங்கிக்கொள்ள வேண்டிய பொருளாக இல்லை. தன் மக்கள் இழந்துவிட்ட பழைய வீடாக இருந்தது. சங்கத்தில் கல்யாணம் நடந்தது, பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், செத்தவரை அடக்கம் செய்தார்கள். திருக்குறளை அவர் திரிக்குறள் என்று எழுதினார். எள்ளில் எண்ணெய் கண்ட நாள் தீபாவளி, ஆமணக்கில் எண்ணெய் கண்ட நாள் கார்த்திகை தீபம் என்று விளக்கம் சொன்னார். ஆராய்ச்சித் தராசில் வைத்தால் இவற்றில் பல நிற்காது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவர் செய்த காரியம் என்ன என்று பாருங்கள். சேரிக் குடும்பம் ஏற்கனவே கொண்டாடுகிற நாளைப் பிடுங்காமல், அதன் பொருளை மட்டும் மாற்றிக் கொடுத்தார். பண்டிகை இல்லாத கொள்கை நம் ஊரில் பத்து வீட்டைத் தாண்டாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரோடு இயங்கிய பேராசிரியர் பி. லட்சுமி நரசு வேறு ரகம், அறிவியல்காரர். 1907இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய பௌத்தச் சாரம் நூலில் அற்புதத்துக்கு இடமில்லை, பகுத்தறிவுக்குத்தான் இடம். 1948இல் அது மறுபதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். ஆக ஒரே சங்கத்துக்குள் எண்ணெய் விளக்கும் இருந்தது, ஆய்வுக்கூட விளக்கும் இருந்தது.

'புத்தர் பெரிய தத்துவஞானி' என்று மேடையில் சொல்வது சுலபம். நானும் என் வாழ்நாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்வதால் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. சொல்லிவிட்டு அதே வீட்டுக்கு, அதே தெருவுக்கு, அதே சுடுகாட்டுக்குத் திரும்பலாம். மதம் என்று சொன்னால்தான் பாக்கி வசூலுக்கு ஆள் வரும். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவி, 22 உறுதிமொழிகளைச் சொல்ல வைத்தார். இன்னின்ன தெய்வத்தைக் கும்பிட மாட்டேன், இன்ன சடங்கு செய்ய மாட்டேன் என்று அவற்றில் பல. தத்துவம் ஏற்பவன் எதையும் விட வேண்டியதில்லை, இவர்கள் விட்டார்கள். விலையும் கொடுத்தார்கள். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர் சேர்க்கப்பட்டது 1990இல். இடைப்பட்ட 34 ஆண்டுகள் பௌத்தன் என்று எழுதிக்கொண்டவருக்கு மத்திய அரசின் பட்டியலில் இடமில்லை. அதே காலத்தில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்தும். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, கோயில்களைத் திறந்துவிடும் விஷயத்தில் இந்து என்ற சொல்லுக்குள் பௌத்தரையும் சேர்த்துக்கொள்கிறது. தாலிக்கு இந்து, வேலைக்கு வேற்று மதம். அண்ணன் அடிக்கடி சொல்வார்: "என்னைய மதம்னு முதல்ல ஒத்துக்கிட்டது நோட்டீஸ் போர்டுதான்யா."

*

அண்ணன் 2019இல் இறந்துபோனார். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு வாக்குவாதம். மதினியின் தம்பி சங்கு ஊதுகிறவரையும் சேமக்கலம் அடிக்கிறவரையும் கூட்டி வந்துவிட்டார். மகன் வேண்டாம் என்கிறான். "அப்பா எழுதியே வச்சிருக்காரு மாமா. சங்கு வேணாம், கொள்ளிக்குடம் வேணாம், பஞ்சசீலம் மட்டும் சொல்லணும்னு."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "அவரு ஆயிரம் எழுதுவாரு. தத்துவத்துக்கெல்லாம் கொள்ளி வைக்க முடியுமா மாப்ள?"

யாரும் பேசவில்லை. என் தத்துவப் படிப்பு முழுவதையும் சேர்த்துக் கட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வராது என்று அந்த நிமிஷம் தோன்றியது. கடைசியில் மகன்தான் சொன்னான்: "கொள்ளி நான் வைக்கிறேன் மாமா. குடம் மட்டும் வேணாம்." சங்கு ஊத வந்தவருக்குப் பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டையில் நாலு இளைஞர்கள் செல்பேசியைப் பார்த்துப் பாலியைத் தமிழெழுத்தில் வாசித்தார்கள். ஒருவனுக்கு நடுவில் சார்ஜ் தீர்ந்து, அடுத்தவன் தொடர்ந்தான். தத்தனேரியில் மின்தகன மேடைக்கு முன்னால் மகன் ஒரு சூடத்தைக் கொளுத்தி வைத்தான். மாமா அழுதார்.

சாவையும் உலகத்தையும் பற்றிய கேள்விகளைப் புத்தரிடமே கொண்டு போனவர்கள் உண்டு. உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா, முத்தி அடைந்தவர் இறந்தபின் இருக்கிறாரா, இல்லையா என்று மாலுங்கியபுத்தர் துளைத்தார். அம்பு பாய்ந்தவன், எய்தவன் என்ன குலம், நெட்டையா குட்டையா, வில்லின் நாண் எதில் திரித்தது என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் என்ன ஆவான் என்று கேட்டுவிட்டுப் புத்தர் அந்தப் பேச்சை மூடினார். இதைக் காட்டித்தான் 'பார், கடவுளைப் பற்றிப் பேசவில்லை, எனவே மதம் இல்லை' என்கிறார்கள். அதே கதையில் அவர் தத்துவ விசாரத்தையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்துகிறார் என்பதை ஏனோ கவனிப்பதில்லை. அவர் அங்கே வைத்தியர். மதம் என்பவர்கள் தோற்றால் தத்துவம் என்பவர்கள் ஜெயித்ததாக ஆகாது.

தமிழில் இதைக் கூர்மையாகக் கேட்டவர்கள் சைவர்கள். பெரியபுராணத்தில் போதிமங்கை என்ற ஊரில் சாரிபுத்தன் என்னும் பௌத்தனோடு சம்பந்தரின் அடியவர்கள் வாதம் செய்கிறார்கள். மதுரையில் சமணரோடு நடந்தது அனல் வாதம், புனல் வாதம். ஏடு எரிந்ததா, வைகையில் எதிர்த்துப் போனதா என்பதில் தீர்ப்பு. போதிமங்கையில் அப்படி இல்லை, வாய் வாதம். உங்கள் தலைவன் உடல், உணர்வு முதலிய கந்தங்கள் எல்லாம் அற்று முத்தி அடைந்துவிட்டான் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் செய்யும் பூசையை ஏற்றுக்கொள்பவர் யார்? மிலிந்த மன்னன் நாகசேனரிடம் கேட்டதும் ஏறக்குறைய இதையேதான். என்னைக் கேட்டால் பௌத்தம் மதமா தத்துவமா என்பதன் சரியான வடிவம் இந்தக் கேள்விதான். எதிரி கேட்டதால் நன்றாகக் கேட்டிருக்கிறார். ஏற்பவர் இல்லாத பூசை. மதுரைக்காஞ்சித் தாய்மார்கள் கொண்டு வந்த பூ யாருக்கு?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி. பொங்கல் வைத்தார்கள், படையல் போட்டார்கள். அது புத்தர் சிலை என்று வழக்கு. தொல்லியல் வல்லுநர்கள் பார்த்துப் புத்தரேதான் என்றார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும், முனியப்பனாக நினைத்துச் செய்யும் பூசையை நிறுத்தவும் உத்தரவிட்டது. நீதியில் நான் குறை காணவில்லை, அடையாளம் அடையாளம்தான். ஆனால் நடந்ததை யோசியுங்கள். முனியப்பனாக இருந்தவரை பூசை இருந்தது. புத்தர் என்று தெரிந்த நாளில் பூசை நின்று, அறிவிப்புப் பலகை வந்தது.

நம் மேலமடைப் பாண்டி கோயிலுக்கு வாருங்கள். பாண்டி முனீஸ்வரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த இருக்கையை வைத்து அவரைப் புத்தர் என்பாரும் உண்டு, சமணர் என்பாரும் உண்டு. வழக்கு எதுவும் போடப்படவில்லை, போடவும் வேண்டாம். அவருக்குச் சைவப் படையல். கிடா வெட்டெல்லாம் பக்கத்தில் இருக்கும் சமயக் கருப்புக்கு. கிடாக் கறி மணக்கும் வளாகத்தின் நடுவில் ஒருவர் மட்டும் கறி தொடாமல் கண்ணை விழித்து உட்கார்ந்திருக்கிறார்.

*

பூசையை யார் ஏற்பது என்ற கேள்விக்குச் சாத்தனார் பதில் எழுதவில்லை. ஆனால் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதினார், அது நடந்ததும் மதுரையில். ஆபுத்திரன் ஊரால் துரத்தப்பட்டு இங்கே வந்து சேர்கிறான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாக ஓடேந்திப் பிச்சை எடுத்து, கண் இல்லாதவர், காது கேளாதவர், முடவர், நோயாளி, கேட்பார் இல்லாதவர் எல்லோரையும் கூப்பிட்டு உண்ண வைத்து, மிஞ்சியதைத் தான் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான். மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு வழிப்போக்கர்கள் வருகிறார்கள், கையில் ஒன்றும் இல்லை, தவிக்கிறான். சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். கொடுத்தவள் கல்வித் தெய்வம். வாங்கியவன் பிற்பாடு பௌத்தக் காப்பியத்தின் ஆணிவேர் ஆகப்போகிறவன். இந்திரன் வரம் தருகிறேன் என்று வந்து, இவன் சிரித்ததில் கோபித்துக்கொண்டு, பாண்டிய நாட்டில் மழையாகப் பெய்து தள்ளுகிறான். பஞ்சம் தீர்ந்தது. உண்ண ஆள் இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட யாராவது உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை மறந்துவிட்டுக் கப்பல் போய்விடுகிறது.

எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரம் கையில். தீவில் வேறு ஆள் இல்லை. ஆபுத்திரன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் விடுகிறான். பத்தாம் வகுப்பில் இதைப் படித்தபோது முட்டாள்தனம் என்று நினைத்தேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாமே!

அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்தது. அதில் மதத்தையும் தம்மத்தையும் பிரித்துப் பேசுகிறார். மதம் தனி மனிதனின் அந்தரங்கம், தம்மம் சமூகத்துக்குரியது. ஒருவன் தனியாக இருந்தால் அவனுக்குத் தம்மம் தேவைப்படாது. இரண்டாவது ஆள் வந்துவிட்டால் தப்ப முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மணிபல்லவத்துக் கரையில் உட்கார்ந்திருக்கிற ஆபுத்திரன் எனக்கு ஐம்பது வயதில் விளங்கினான். இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பாத்திரம் வெறும் ஓடு. அம்பேத்கர் மணிமேகலையை நினைத்து அதை எழுதவில்லை. கூலக்கடைக்காரர் ஒருவரும் சட்ட மேதை ஒருவரும் வெவ்வேறு வழியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் செல்லூருக்குப் போயிருந்தேன். கூடத்தில் அண்ணன் வைத்த புத்தர் படம் அப்படியே இருக்கிறது. மதினி அதற்குத் தினமும் ஒரு முழம் மல்லிகை சாத்துகிறார். வெள்ளிக்கிழமை பாண்டி கோயிலுக்கும் தவறாமல் போய் வருகிறார். 2027இல் அடுத்த கணக்கெடுப்பு என்று பேச்சு வந்தது.

"அவுகளுக்கு அஞ்சு போட்டாச்சு. இப்ப வந்து கேட்டா எனக்கு என்ன போடச் சொல்லட்டும் தம்பி?"

"உங்களுக்கு எது தோணுதோ அதைச் சொல்லுங்க மதினி."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அந்த டீச்சரம்மா வந்தா இந்தத் தடவ சாப்பிட்டுட்டுத்தான் போகச் சொல்லணும். அன்னைக்கு வெயில்ல வந்த பிள்ளைய வெறும் காபியோட அனுப்பிட்டோம்" என்றார்.